லொரெட்டா லின்: பாட்டும் பஸ்ஸும் வீடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கன்ட்ரி பாடகி லொரெட்டா லின்னைப் பற்றி நான் யாரிடமாவது பேச ஆரம்பித்தால், முடிப்பதற்குள் பத்துக் கேள்விகள் வந்துவிடும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே ஓரிடத்தில் வைக்கிறேன். அவரைக் கேட்கக் கேட்க எனக்குள் உறுதிப்பட்ட ஒன்று உண்டு: அவர் பாடியதெல்லாம் வீட்டைப் பற்றி, அதைப் பாடுவதற்காகவே அவர் வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டியிருந்தது. எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போனாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது.

முதலில், யார் இவர்?

1932 ஏப்ரல் 14 அன்று கென்டக்கி மாநிலத்தின் மலைப்பகுதியில், வான் லியர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரை ஒட்டிய புட்சர் ஹாலோ என்ற பள்ளத்தாக்கில் பிறந்தார். 8 பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா டெட் வெப் சுரங்கத் தொழிலாளி. 1960-ல் முதல் இசைத்தட்டு. கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் ஆண்டுதோறும் தரும் மிகப் பெரிய விருதை 1972-ல் வாங்கினார். அதுவரை ஒரு பெண்ணுக்கும் அது கிடைத்ததில்லை. 2013-ல் அதிபர் ஒபாமா கையால் சுதந்திரப் பதக்கம். 2022 அக்டோபர் 4 அன்று 90 வயதில் தூக்கத்திலேயே காலமானார். 6 பிள்ளைகளைப் பெற்றவர்.

மரப்பலகை வீடு. குளிர் உள்ளே வராமல் இருக்க அம்மா சுவர்களில் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி வைத்திருந்தார். அந்தச் சுவரில் இருந்த படங்களில் ஒன்று நடிகை லொரெட்டா யங்கினுடையது. பிடித்துப்போய் அந்தப் பெயரையே பெண்ணுக்கு வைத்துவிட்டார்.

கன்ட்ரி என்றால் நாட்டுப்புறப் பாட்டா?

வேர் அங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து அப்பலாச்சிய மலைகளுக்குக் குடியேறியவர்களின் கதைப்பாடல்கள், தேவாலயப் பாட்டு, கறுப்பின மக்களின் புளூஸ் பாட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தந்த பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் எல்லாம் கலந்தது அது. ஆனால் நாட்டுப்புறப் பாட்டுக்கு எழுதியவர் பெயர் இருக்காது. கன்ட்ரி பாட்டுக்கு எழுதியவர் பெயர் உண்டு, ராயல்டி உண்டு, விற்க இசைத்தட்டு உண்டு. 1927-ல் பிரிஸ்டல் என்ற ஊரில் ஒரு கம்பெனி தற்காலிக ஒலிப்பதிவுக் கூடம் வைத்தபோது பாட வந்தவர்களில் ஒரு குடும்பம் கார்ட்டர் குடும்பம்: கணவர், மனைவி, மனைவியின் ஒன்றுவிட்ட தங்கையான மேபெல் என்ற கர்ப்பிணிப் பெண். கன்ட்ரி இசைத் தொழிலே அங்கிருந்துதான் சூடு பிடித்தது என்பார்கள். இந்த மேபெல்லை நினைவில் வையுங்கள், கடைசியில் திரும்ப வருவார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1925-ல், நாஷ்வில் நகரின் டபிள்யூ.எஸ்.எம். வானொலி சனிக்கிழமை இரவுக் கச்சேரி ஒன்றைத் தொடங்கியிருந்தது. அதுதான் பிறகு 'கிராண்ட் ஓல் ஆப்ரி' ஆனது. டெட் வெப் பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோ வாங்கிவந்ததும் சனிக்கிழமை ராத்திரி அந்தப் பலகை வீட்டில் கேட்டது அதைத்தான்.

கல்யாணம் ஆனபோது 13 வயதுதானா?

இல்லை, 15. அவர் பல காலம் வயதைக் குறைத்தே சொல்லிவந்தார். 2012-ல் பிறப்புப் பதிவுகளையும் திருமணப் பதிவுகளையும் பத்திரிகையாளர்கள் எடுத்துப் பார்த்த பிறகு உண்மை வெளியே வந்தது. 1948 ஜனவரியில் கல்யாணம். மாப்பிள்ளை ஆலிவர் லின், ராணுவத்திலிருந்து திரும்பியவர், எல்லாருக்கும் 'டூலிட்டில்', மனைவிக்கு 'டூ'.

சந்தித்த கதை அழகானது. பள்ளிக்கூடத்துக்குப் பணம் திரட்ட ஒரு நிகழ்ச்சி. பெண்கள் சுட்டுக்கொண்டு வரும் இனிப்புப் பலகாரத்தை ஆண்கள் ஏலம் எடுப்பார்கள்; எடுத்தவர், சுட்ட பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிடலாம். லொரெட்டா சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டார். டூலிட்டில் அதைத்தான் ஏலம் எடுத்தார். ஒரு மாதத்தில் கல்யாணம்.

அதே ஆண்டில் முதல் குழந்தை. வேலை தேடி நாட்டின் மறுகோடிக்கு, கனடா எல்லையை ஒட்டிய வாஷிங்டன் மாநிலத்தின் கஸ்டர் என்ற சிற்றூருக்குப் போனார்கள். 20 வயதைத் தாண்டும்போது கையில் நாலு பிள்ளைகள். பிறர் வீட்டில் சமையல், துணி துவைப்பது, தோட்டத்தில் ஸ்ட்ராபெரி பறிப்பது என்றுதான் அந்த வருஷங்கள் போயின.

இசை எப்போது வந்தது?

1953-ல், 17 டாலர் விலையில். பிள்ளைகளுக்குத் தாலாட்டுப் பாடும் மனைவியின் குரலைக் கேட்ட டூலிட்டில், ஒரு ஹார்மனி கிதார் வாங்கிவந்து கொடுத்தார். சொல்லித்தர ஆள் இல்லை. வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு தானே தடவித்தடவிக் கற்றுக்கொண்டார். பாட்டு எழுதுவதும் அப்படித்தான். பிறகு உள்ளூர்க் கூடங்களிலும் மதுக்கடைகளிலும் பாட ஆரம்பித்தார். கிதார் வாசிக்கத் தம்பி ஜே லீ கூட நின்றார். பெரிய கூட்டத்துக்கு முன்னால் பாட அவருக்குப் பயம். பிடித்துத் தள்ளியது கணவர்தான். இதைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

முதல் பாட்டை ரேடியோவில் எப்படி வரவைத்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கஸ்டர் அருகே, எல்லைக்கு அந்தப் பக்கத்து மரவியாபாரி ஒருவர் பணம் போட, 1960 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸ் போய் லொரெட்டா தன் சொந்தப் பாட்டைப் பதிவு செய்தார். கம்பெனி பெயர் 'ஜீரோ'. விளம்பரத்துக்குக் காசும் கிட்டத்தட்ட ஜீரோதான். டூலிட்டில் மனைவியைப் புகைப்படம் எடுத்து, ஆயிரக்கணக்கில் பிரதி போட்டு, இசைத்தட்டோடு சேர்த்து வானொலி நிலையங்களுக்குத் தபாலில் அனுப்பினார். அப்புறம் பிள்ளைகளை உறவினரிடம் விட்டுவிட்டு இருவரும் காரில் கிளம்பினார்கள்.

வழியில் வானொலிக் கோபுரம் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்துவார்கள். லொரெட்டா பின்சீட்டில் உடை மாற்றிக்கொள்வார். நல்ல உடை என்று இருந்தது ஒன்றுதான். உள்ளே போய், என் தட்டைப் போடுங்கள் என்று கேட்பார். அவர்கள் போடும்வரை நகரமாட்டார். பிறகு மறுபடி பழைய உடை, மறுபடி ரோடு. காரிலேயே தூக்கம், ரொட்டிக்கு நடுவே மலிவான இறைச்சித் துண்டு வைத்துச் சாப்பாடு. நாஷ்வில் வந்து சேர்ந்தபோது அந்தப் பாட்டு பில்போர்ட் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் 14-ஆம் இடம் வரை ஏறியிருந்தது. 1960 அக்டோபர் 15 அன்று கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் முதன்முறையாகப் பாடினார். சின்ன வயதில் சுவர் ஓரம் உட்கார்ந்து கேட்ட அதே சனிக்கிழமை நிகழ்ச்சி.

அதற்கு முந்தைய ஆண்டே அப்பா போய்விட்டார். நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து அவதிப்பட்டவர். மகள் அந்த மேடையில் நின்றதை அவர் கேட்கவில்லை. நான் ஒவ்வொரு முறை இந்தத் தேதிகளைப் பார்க்கும்போதும் அது உறுத்துகிறது.

பாடகி பேட்ஸி கிளைனுக்கும் இவருக்கும் என்ன உறவு?

அக்கா தங்கை மாதிரி, ஆனால் வயதில் இருவரும் 5 மாதம் இடைவெளிதான். 1961-ல் பேட்ஸி ஒரு கார் விபத்தில் பலத்த காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தார். லொரெட்டா வானொலி நிகழ்ச்சி ஒன்றில் பேட்ஸியின் பாட்டைப் பாடி, அவர் குணமாக வேண்டும் என்று சொன்னார். படுக்கையில் கேட்டுக்கொண்டிருந்த பேட்ஸி, அந்தப் பெண்ணை அழைத்துவா என்று கணவரை அனுப்பினார். அப்போது பேட்ஸி பெரிய நட்சத்திரம், லொரெட்டா புதிதாக ஊருக்கு வந்தவர். மேடையில் என்ன உடுத்துவது, பேசிய பணத்தைக் கேட்டு வாங்குவது எப்படி என்றெல்லாம் பேட்ஸிதான் சொல்லிக்கொடுத்தார். தன் உடைகளைக் கொடுத்தார். வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட வாங்கிக் கொடுத்தார்.

1963 மார்ச் 5 அன்று கச்சேரி முடிந்து வீடு திரும்பும் வழியில் விமானம் விழுந்து பேட்ஸி இறந்தார். வயது 30. இரண்டு சின்னப் பிள்ளைகள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லொரெட்டாவுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். ஒருத்திக்கு பேட்ஸி என்று பெயர் வைத்தார், இன்னொருத்திக்குத் தன் தங்கை பெயரான பெகி.

ஊர் ஊராகப் போனபோது பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

டூலிட்டிலும், வீட்டோடு வைத்திருந்த உதவிப் பெண்ணும். இரட்டையர் கைக்குழந்தைகளாக இருந்த காலம்தான் லொரெட்டா வேகமாக மேலே வந்த காலம். அவர் குடும்பத்தின் வருமானமே மேடையில் இருந்தது. இசைத்தட்டு விற்றால் கிடைப்பது கொஞ்சம். கச்சேரிக்குப் போனால்தான் கையில் காசு. அதிலும் ஒரு சிக்கல். ஆப்ரி உறுப்பினராக இருந்தால் வருஷத்தில் இத்தனை சனிக்கிழமை நாஷ்வில்லில் பாடியே ஆக வேண்டும். 1964-ல் அந்தக் கணக்கு 26. கச்சேரிக்கு நல்ல பணம் கிடைக்கும் இரவும் சனிக்கிழமைதான். ஆப்ரியில் கிடைத்த சம்பளமோ சொற்பம். ஆகவே மற்ற நாளெல்லாம் ஓடி ஓடிப் பாட வேண்டும். ராத்திரி பாடி முடித்து, பஸ்ஸில் ஏறி, அடுக்குப் படுக்கையில் படுத்து, விடியும்போது வேறு மாநிலத்தில் கண் விழிப்பது என்பதுதான் இந்தத் தொழிலின் இயல்பான நாள்.

பெண் குழந்தைகள் வளர்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லையே என்ற வருத்தத்தை அவர் மறைத்ததில்லை. ஒற்றைத் தலைவலி வந்தது, மேடையிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். 'அவ்வளவு கஷ்டப்பட்டு எதற்குப் போனார்' என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பசி தெரிந்த வீட்டில் பிறந்தவர் ஒரு கச்சேரியை வேண்டாம் என்று சொல்வது லேசில் நடக்காது.

ரோட்டில் அவருக்குத் துணையாக இருந்தவர்களில் ரசிகர்களையும் சேர்க்க வேண்டும். கொலராடோவைச் சேர்ந்த ஜான்சன் சகோதரிகள் மூவர் 1963-ல் அவருக்கு ரசிகர் மன்றம் தொடங்கினார்கள். அதிலிருந்து எல்லாக் கன்ட்ரி கலைஞர்களின் மன்றங்களையும் இணைக்கும் அமைப்பே வளர்ந்தது.

கணவர் நல்லவரா கெட்டவரா?

குடிப்பார். பிற பெண்களோடு தொடர்பு இருந்தது. கை நீட்டியும் இருக்கிறார். லொரெட்டா திருப்பி அடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கிதார் வாங்கித் தந்ததும், மேடை ஏறச் சொன்னதும், காரை ஓட்டியதும், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதும் அதே ஆள்தான். இதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அடித்ததை நான் நியாயப்படுத்தவும் மாட்டேன்.

லொரெட்டா அதை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை, பாட்டாக்கினார். 1967-ல் முதலிடம் பிடித்த அவருடைய முதல் பாட்டே குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் கணவனைக் கண்டிப்பது. தான் ஊரில் இல்லாத நேரத்தில் ஒரு பெண் கணவரைச் சுற்றிச் சுற்றி வருகிறாள் என்று தெரிந்ததும் 'ஃபிஸ்ட் சிட்டி' எழுதினார். 'என் ஆளிடம் வந்தால் அடிதான்' என்பது அதன் சாரம். இன்னொரு முறை, கச்சேரிக்கு முன் ஒரு ரசிகை அழுதுகொண்டே வந்து, தன் கணவன் வேறொரு பெண்ணோடு இதே அரங்கில் உட்கார்ந்திருக்கிறான் என்றாள். லொரெட்டா திரையை விலக்கி அந்தப் பெண்ணைப் பார்த்தார். பிறகு உடைமாற்றும் அறைக்குப் போய்ச் சில நிமிஷங்களில் ஒரு பாட்டை எழுதி முடித்தார். அதுவும் பெரிய வெற்றி. ரோடு அவரை வீட்டிலிருந்து பிரித்தது சரி, மற்றப் பெண்களின் வீடுகளையும் அவர் கண்முன் கொண்டுவந்தது அந்த ரோடுதான்.

கருத்தடை மாத்திரையைப் பற்றிய பாட்டுக்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

1972-ல் பதிவு செய்து, 1975-ல்தான் வெளியிட்டார்கள். வருஷா வருஷம் பிள்ளை பெற்றுக் களைத்த மனைவி, இனி மாத்திரை இருக்கிறது என்று கணவனிடம் சொல்லும் பாட்டு. பல வானொலி நிலையங்கள் போட மறுத்தன, பாதிரியார்கள் கண்டித்துப் பேசினார்கள். தட்டு விற்றுத் தீர்ந்தது. கன்ட்ரி பட்டியலில் 5-ஆம் இடம். ஒதுக்குப்புறக் கிராமங்களில் வேலை செய்த டாக்டர்கள், துண்டுப் பிரசுரங்கள் செய்யாததை அந்தப் பாட்டு செய்தது என்று தன்னிடம் சொன்னதாக அவர் கூறியிருக்கிறார். 20 வயதுக்குள் அடுத்தடுத்துப் பெற்றவர் பாடியதால்தான் அது எடுபட்டது என்று நான் நினைக்கிறேன்.

ஹரிக்கேன் மில்ஸ் என்பது என்ன?

நாஷ்வில்லுக்கு மேற்கே ஒன்றேகால் மணி நேரப் பயணத்தில் இருக்கும் இடம். 1966-ல் வழியில் ஒரு பெரிய வெள்ளை மாளிகையைப் பார்த்து லொரெட்டா ஆசைப்பட்டார். வாங்கப் போனால், வீட்டோடு அந்தச் சிற்றூரே சேர்ந்து விலைக்கு வந்தது: மில், கடை, நிலம் எல்லாம். பிற்காலத்தில் அங்கே அருங்காட்சியகம், முகாம் மைதானம் எல்லாம் வந்தன. மோட்டார் சைக்கிள் பந்தயம்கூட 1982 முதல் நடக்கிறது. அந்த நிலத்திலேயே புட்சர் ஹாலோ பலகை வீட்டைப் போல ஒன்றைக் கட்டி வைத்தார். மாளிகை வாங்கிய பிறகும் அந்தச் சின்ன வீடு கண்ணில் பட வேண்டும் என்று நினைத்த மனசு எனக்குப் புரிகிறது.

ரோட்டில் இருந்தபோதே அவருக்குப் பெரிய இழப்பு வந்தது என்கிறார்களே?

ஆமாம். 1984 ஜூலையில் இல்லினாய் பக்கம் கச்சேரிக்குப் போயிருந்தவர் களைப்பில் விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்த நேரத்தில் ஹரிக்கேன் மில்ஸில் மூத்த மகன் ஜாக் பென்னி குதிரையில் டக் ஆற்றைக் கடக்கப் போய் மூழ்கிவிட்டார். வயது 34. செய்தியைச் சொல்ல டூலிட்டில் மருத்துவமனைக்கே வந்தார்.

இன்னொன்று, 1993 ஜூன். டூலிட்டிலுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து, மிசௌரி மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் லொரெட்டா கூட இருந்தார். பல ஆண்டுகள் அவரோடு ஜோடிப் பாட்டுப் பாடிய கான்வே ட்விட்டி, கச்சேரி முடித்து வரும் வழியில் தன் பஸ்ஸிலேயே நோய் முற்றி அதே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். மறுநாள் காலையில் இறந்துபோனார். ஜோடியாக 5 பாட்டுகளை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர்கள்.

அதன்பிறகு கணவரைப் பார்த்துக்கொள்வதற்காகக் கச்சேரிகளை வெகுவாகக் குறைத்தார். 1996 ஆகஸ்டில் டூலிட்டில் இறக்கும்வரை அப்படித்தான். அப்புறம் மறுபடி மேடைக்கு வந்தார்.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

'கோல் மைனர்ஸ் டாட்டர்', 1970. 'சுரங்கத் தொழிலாளி மகள்' என்று அர்த்தம். அப்பா அம்மாவின் கதை. துணி தேய்க்கும் பலகையில் அம்மாவின் விரல்களில் ரத்தம் கசிந்ததை அவர் பாடும் இடத்தில் குரலில் அழுகையே இருக்காது, கேட்கும் நமக்குத்தான் வரும். நீளம் அதிகம் என்று பல கண்ணிகளை வெட்டச் சொன்னார்கள், வெட்டினார். இசையில் பாஞ்சோவையும் பின்னால் இழையும் ஸ்டீல் கிதாரையும் கவனியுங்கள். அதன் பிறகு 2004-ல் ஜாக் ஒயிட் என்ற இளம் ராக் கலைஞரோடு செய்த 'வான் லியர் ரோஸ்' தொகுப்பு. அப்போது அவருக்கு 72 வயது. இரண்டு கிராமி விருது கிடைத்தது.

பிள்ளைகளும் இசைக்கு வந்தார்களா?

மகன் எர்னஸ்ட் ரே அம்மாவின் மேடையில் பல ஆண்டுகள் பாடினார். லொரெட்டாவின் தங்கை ஒருவர் கிரிஸ்டல் கேல் என்ற பெயரில் தனியாகவே பெரிய பாடகி ஆனார். 'கிரிஸ்டல்' என்பது லொரெட்டா ஹாம்பர்கர் கடைப் பெயர் ஒன்றைப் பார்த்து வைத்தது. என்னைப் போலப் பாடாதே, உன் வழியில் பாடு என்பதுதான் அவர் தங்கைக்குச் சொன்ன புத்தி.

இரட்டையரும் 1990-களில் ஜோடியாக இசைத்தட்டு வெளியிட்டார்கள். பிறகு பேட்ஸி, அம்மாவின் தொகுப்புகளைத் தயாரிக்கும் வேலையில் இறங்கினார். கூட்டாளி ஜான் கார்ட்டர் கேஷ், கன்ட்ரி பாடகர்களான ஜானி கேஷுக்கும் ஜூன் கார்ட்டருக்கும் பிறந்தவர். ஜூனின் அம்மாதான் 1927-ல் பிரிஸ்டலில் பாடிய அந்த மேபெல். பேட்ஸி, ஜான் இரண்டு பேருமே கச்சேரிக்குப் போன அம்மாவுக்காகக் காத்திருந்து வளர்ந்த பிள்ளைகள். கேஷ் குடும்பத்து மரக்குடில் ஒலிப்பதிவுக் கூடத்தில் 2007-லிருந்து லொரெட்டாவின் பழைய பாட்டுகளையும் புதியவற்றையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார்கள். 2021 மார்ச்சில் அவருடைய 50-ஆவது தொகுப்பு வந்தது. அதற்குள் ஒரு முறை பக்கவாதம் தாக்கியிருந்தது, இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வயது 88.

அதில் 'கோல் மைனர்ஸ் டாட்டர்' இருக்கிறது. இந்த முறை லொரெட்டா பாடவில்லை. அப்பாவின் கதையை, அம்மாவின் கதையை, சமையலறையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோலப் பேசிக்கொண்டே போகிறார். 1964-ல் அம்மா பஸ் ஏறும்போது தொட்டிலில் கிடந்த அந்த பேட்ஸிதான் அதைப் பதிவு செய்ய வைத்தவர்களில் ஒருவர்.